தெப்பத்து விளக்கெல்லாம் வெள்ளைத் திட்டாகிறது, தப்பு எங்கே?

வைகைக்கரையான்:
தைப்பூசத்தன்று மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தில் ராத்திரி எடுத்தது 140 படம். தேறியது மூன்று. நிக்கான் டி5600, 35 மி.மீ. எஃப்1.8 லென்ஸ். கூட்டத்தில் யாராவது தடுக்கி விழுவார்கள் என்று முக்காலியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஏ மோட் (லென்ஸ் திறப்பு மட்டும் என் கையில்), ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் கேமராவே ஏற்றி இறக்கும்), ஜேபெக். கேமரா பெரும்பாலும் 1/60 நொடி, ஐஎஸ்ஓ 1600 என்று எடுத்துக்கொண்டது. வானமும் தண்ணீரும் சாம்பலாய் வெளுத்துக் கிடக்கின்றன. சீரியல் விளக்கு, சிவப்புப் பட்டு, அம்மன் முகம் எல்லாம் கரைந்துபோய்விட்டன. அம்மா பார்த்துவிட்டு, "அம்மன் எங்கடா?" என்றார். இனி அடுத்த தை வரை காத்திருக்க வேண்டும்.

நிழல்குத்து:
ரா-வில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். வேறு பேச்சே வேண்டாம்.

பழைய_ஆல்பம்:
ரா நல்லதுதான். ஆனால் குடம் நிரம்பி வழிந்த தண்ணீரை எந்த மென்பொருளும் அள்ளித் தராது. படத்தில் முக்கால்வாசி இருட்டு. மேட்ரிக்ஸ் மீட்டர், அதாவது படம் முழுவதையும் பார்த்து ஒளியை அளப்பது, அதை வெளிச்சமாக்கப் பார்த்திருக்கிறது, அதுதான் கோளாறு.

எம் மோடுக்குப் போங்கள், திறப்பும் வேகமும் உங்கள் கையில். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணையுங்கள், இல்லாவிட்டால் எம் மோடிலும் அது தன் வேலையைக் காட்டும். எஃப்1.8, 1/60, ஐஎஸ்ஓ 400. அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். திரையில் கன்னங்கரேலென்று தெரியும், பயப்படாதீர்கள். இந்த சென்சாரில் 400-இல் எடுத்துக் கணினியில் இரண்டு ஸ்டாப் ஏற்றினாலும், நேரடியாக 1600-இல் எடுத்தாலும் இருட்டில் தெரியும் மணல்போன்ற புள்ளிகள் ஏறத்தாழ ஒன்றுதான். விளக்கு மட்டும் தப்பித்திருக்கும்.

பிளேபேக் மெனுவில் ஹைலைட்ஸ் (வெளுத்த இடம் சிமிட்டும்), ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் (சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி வெளிச்ச வரைபடம்) இரண்டையும் டிக் செய்துவையுங்கள். நான் இதைப் படித்தது ஒரு கல்யாண முகூர்த்தத்தில். சாதாரண ஹிஸ்டோகிராம் பத்திரம் என்றது. பெண்ணின் கூறைப்புடவை ஆல்பம் முழுக்க ஜரிகை, மடிப்பு எதுவுமில்லாத ஒரே சிவப்புத் திட்டு. சிவப்புச் சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி நின்றதை நான் பார்க்கவே இல்லை. பெண் வீட்டார் மீதிப் பணத்தைத் தர மூன்று மாதம் ஆனது, அது வேறு கதை.

எல்இடி இருந்தால் 1/125 வேண்டாம், 1/100 அல்லது 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும், படத்தில் குறுக்கே கோடு விழும்.

மொட்டைமாடி:
பழைய ஆல்பத்தோடு ஒரு இடத்தில் சண்டை போடுவேன். பல்பு வெளுக்கட்டும், பல்பு என்றால் வெளுக்கத்தான் செய்யும். அதன் இழை வரை தெரிய வேண்டும் என்று குறைத்துக்கொண்டே போனால் அம்மன் இருட்டில் போய்விடுவாள். ஸ்பாட் மீட்டர் போட்டு, ஃபோகஸ் புள்ளியை முகத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள். இந்த கேமராவில் ஸ்பாட் அந்தப் புள்ளியைத்தான் அளக்கும். அப்புறம் முழங்கையை விலாவோடு ஒட்டி, நாலைந்து படம் தொடர்ந்து அடியுங்கள். முதல் படம் பட்டனை அழுத்தும் அசைவில் கெடும். நடுவில் ஒன்று கூர்மையாக வரும்.

வைகைக்கரையான்:
தை வரை பொறுக்க முடியவில்லை. நேற்று ராத்திரி தெருமுனைப் புரோட்டாக் கடையில் முயன்றேன். 1/60, 400. போர்டு எழுத்தைப் படிக்க முடிகிறது, கல்லுக்கு மேல் ஆவி கூடத் தெரிகிறது. வேண்டுமென்றே 1/125 வைத்துப் பார்த்தேன்: கோடு விழுந்தது. 1/100-இல் போய்விட்டது. மாஸ்டர் முகம் மட்டும் இருட்டு. ரா-வில் இரண்டு ஸ்டாப் ஏற்றினேன், வந்துவிட்டது.

அம்மாவிடம் காட்டினேன். "இவன் முகம் நல்லாத் தெரியுது" என்றார். திட்டா பாராட்டா என்று கேட்கவில்லை.