ஷார்ட்கட் கீ திடீரென்று வேலை செய்யவில்லை, உதவி தேவை

அம்பை டைப்பிங்:
அம்பாசமுத்திரத்தில் பத்திரம் டைப் அடிக்கிற கடை. விண்டோஸ் 10. வேர்டு, ஸ்கேனர், கால்குலேட்டர் மூன்றையும் கீபோர்டிலிருந்தே திறக்கிற மாதிரி வைத்திருந்தேன். ஐகானில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷார்ட்கட் கீ கட்டத்தில் எழுத்தை அழுத்துவது, எல்லாரும் செய்வதுதான். முகூர்த்த நாளில் பதிவுக்குக் கூட்டம் அள்ளும், ஐகானைத் தேட நேரம் கிடையாது. டெஸ்க்டாப் அடைசலாக இருக்கிறதே என்று ஐகான்களை டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றினேன். மறுநாள் எந்தக் கீயும் எடுபடவில்லை. கட்டத்தில் மட்டும் கண்ட்ரோல், ஆல்ட் எல்லாம் அப்படியே இருக்கிறது.

இன்னொரு தொல்லை: கால்குலேட்டருக்குக் கண்ட்ரோல், ஆல்ட், 4 வைத்திருந்தேன். நன்றாக ஓடிய நாளிலும் ரூபாய்க் குறி போடப் போனால் கால்குலேட்டர் வந்து நிற்கும்.

ஜங்ஷன் சர்வீஸ்:
அண்ணாச்சி, ஐகான் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவின் ஃபோல்டரிலோ இருந்தால்தான் விண்டோஸ் அந்தக் கீயைக் கவனிக்கும். டி டிரைவில் இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அடைசல் வேண்டாமென்றால் ஸ்டார்ட்டில் வேர்டை வலது கிளிக் செய்து, மோர், ஓபன் ஃபைல் லொக்கேஷன் போங்க. அங்கே திறக்கும் ஃபோல்டரிலேயே உங்கள் ஐகான்களைப் போட்டுவிட்டு, கீயை அழித்து மறுபடி கொடுங்க. கால்குலேட்டருக்கு அந்த லொக்கேஷன் வராது. ஸ்டார்ட் பட்டியலிலிருந்து டெஸ்க்டாப்புக்கு இழுத்து விட்டால் ஐகான் வந்துவிடும்.

ரூபாய்க் குறி விஷயம் வேறு. உங்களிடம் இங்கிலீஷ் இந்தியா கீபோர்டு இருக்கும். அதில் வலது ஆல்ட்டும் 4ம் சேர்ந்தால்தான் ரூபாய்க் குறி. வலது ஆல்ட்டை விண்டோஸ் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்த மாதிரிதான் எடுத்துக்கொள்ளும். 4ஐ விட்டுவிட்டு, கட்டத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட்டோடு ஒரு எழுத்தைக் கொடுங்க, ஏற்றுக்கொள்ளும். எஃப்7 மாதிரி தனிக் கீ வேண்டாம், வேர்டில் ஸ்பெல்லிங் பார்ப்பது போய்விடும்.

பாளை மாணவி:
இவ்வளவு சுற்று எதற்கு? மூன்றையும் டாஸ்க்பாரில் பின் செய்து, இடமிருந்து வரிசைப்படி விண்டோஸ் கீயோடு 1, 2, 3 அழுத்தினால் போதுமே. நான் உபுண்டுவில் செட்டிங்ஸ், கீபோர்டில் கஸ்டம் ஷார்ட்கட் என்று கட்டளையையே எழுதி வைத்திருக்கிறேன். விண்டோஸில் அப்படி உண்டா?

ஜங்ஷன் சர்வீஸ்:
கடைக்கு டாஸ்க்பார்தான் லாயக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாராவது ஐகானை இழுத்து வரிசையை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். நீங்க கேட்ட மாதிரி எழுதி வைக்க ஆட்டோஹாட்கீ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான்.

அம்பை டைப்பிங்:
வேர்டும் ஸ்கேனரும் வந்துவிட்டது. ஆனால் அழுத்தியதும் சில நொடி யோசித்துவிட்டுத்தான் திறக்கிறது. இதற்கும் மருந்து உண்டா?

ஜங்ஷன் சர்வீஸ்:
இந்த ஷார்ட்கட் கீக்கு அந்த மந்தம் உண்டு, பலரும் சொல்கிற குறைதான். அவசரத்துக்கு வேர்டை மட்டும் டாஸ்க்பாரில் முதலாவதாக வையுங்க.