சாகக் கிடக்கும் வட்டை எல்விஎம் தொகுப்பிலிருந்து எப்படி எடுப்பது?

நண்பர்களே, அவசரமாக ஓர் ஆலோசனை தேவை.

வீட்டு லினக்ஸ் கணினியில் 4 டெராபைட் வட்டுகள் மூன்றை எல்விஎம் (பல வட்டுகளை ஒன்றாகக் கையாளும் லினக்ஸ் வசதி) மூலம் ஒரே சேமிப்பகமாக இணைத்திருக்கிறேன். பிரதி எடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஒன்று போனால் அதிலுள்ளவை போயின. (திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.) இரண்டாவது வட்டில் ஸ்மார்ட் அறிக்கை (வட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துத் தருவது) காட்டும் நிலுவை செக்டார்கள் (சரியாகப் படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் சிறு பகுதிகள்) ஒரே வாரத்தில் 8இலிருந்து 56 ஆகிவிட்டன. புகைப்படங்களை வெளிவட்டுக்கு நகலெடுத்துவிட்டேன். அப்பாவின் பழைய ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிய கோப்புகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன.

புதிய 6 டெராபைட் வட்டு தயாராக இருக்கிறது. அதைத் தொகுப்பில் சேர்த்து, பிவிமூவ் கட்டளையால் தரவை நகர்த்தி, பிறகு விஜிரெட்யூஸ் கொடுத்துப் பழையதைக் கழற்றுவதே வழக்கமான முறை. ஆனால் நடுவில் படிக்க முடியாத செக்டார் வந்தால் பிவிமூவ் அங்கேயே நின்றுவிடுமோ என்பதுதான் என் பயம்.

அதனால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூ (பழுதான வட்டிலிருந்து படிக்க முடிந்ததை எல்லாம் மீட்டு நகலெடுக்கும் கருவி) மூலம் முழு வட்டையும் புதியதில் படியெடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அப்படிச் செய்தால் இரண்டிலும் ஒரே அடையாள எண் இருக்கும். எல்விஎம் குழம்பாதிருக்கப் பழையதைக் கழற்றிய பிறகே தொகுப்பை இயக்க வேண்டும் என்பது என் புரிதல். சரிதானா?

படிக்க முடியாத இடங்களில் எந்தக் கோப்புகள் இருந்தன என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அதுவரை கணினியை அணைத்தே வைத்திருக்கிறேன்.