ஃப்ரீலான்ஸ் ஷூட்டுக்கு மணிக்கணக்கில் ரேட் சொல்லலாமா?

கேள்வி:
இரண்டு வருஷமாக வேலை நேரம் போக மீதி நேரத்தில் படம் எடுக்கிறேன். இதுவரை எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான், கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். இப்போது முதல்முறையாக ஒரு சின்ன நிறுவனம் தங்கள் கைவினைப் பொருட்களை எடுத்துத் தரச் சொல்கிறது. 40 பொருள், ஒவ்வொன்றுக்கும் 3 கோணம். மணிக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். 8 மணி நேரக் கணக்கில் ஒரு தொகை வாய் வரைக்கும் வந்துவிட்டது, நாளை சொல்கிறேன் என்று நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் போன தடவை இப்படித்தான் ஒருவரிடம் 3 மணி நேரத்துக்குக் காசு வாங்கிவிட்டு நான்கு ராத்திரி எடிட்டிங்கில் உட்கார்ந்தேன், அப்புறம் ரா ஃபைல் (எடிட் பண்ணாமல் கேமராவில் இருந்து வரும் மூலக் கோப்பு) எல்லாம் வேண்டும் என்றார்கள், கொடுத்தேன், கலரை மாற்றி விளம்பரத்திலும் போட்டுவிட்டார்கள். எதை வைத்துக் கணக்குப் போடுவது?

பதில் 1:
மணிக்கணக்கு வேண்டாம். உங்கள் கை பழகப் பழக வேலை சீக்கிரம் முடியும், மணிக்கணக்கில் வாங்கினால் திறமை கூடக் கூட வருமானம் குறையும். உங்கள் வேலையையே பாருங்கள், 40 பொருளுக்கு 3 கோணம் என்றால் 120 படம். தூசி, கீறல், பின்னணி எல்லாம் சரிசெய்ய ஒரு படத்துக்கு 8 நிமிஷம் என்று வைத்தாலும் 16 மணி நேரம் எடிட்டிங்குக்கே போய்விடும். ஷூட் ஒரு நாள் என்றால் வேலை மூன்று நாள். லைட் செட் பண்ணுவது, போக வர ஆகும் நேரம், அவர்களோடு பேசுகிற நேரம் இதில் சேரவில்லை.

உங்கள் ஒரு நாளின் விலையை இப்படிப் பாருங்கள். வருஷத்துக்கு உங்கள் வாழ்க்கைச் செலவு, கருவிகள், மென்பொருள், காப்பீடு, வரி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதை 365 ஆல் வகுக்கிறவர்கள்தான் அதிகம், தவறு அங்கேதான் நடக்கிறது. முழுநேரமாக இறங்கினால்கூட காசு வருகிற ஷூட் நாள் 75 கிடைத்தாலே நல்ல வருஷம், மீதியெல்லாம் எடிட்டிங், வேலை தேடல், பாக்கி வசூல். 75 ஆல் வகுத்தால் நாள் ரேட் கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிவிடும். பார்க்கும்போது பயமாகத்தான் இருக்கும், ஆனால் கைக்காசு போகாமல் இருக்க வேண்டுமென்றால் அதுதான் அடிமட்டம். கேமராவும் தேய்கிறது. 1,50,000 கிளிக் தாங்கும் என்று சொல்லப்படும் ஷட்டரில் ஒரு நிகழ்ச்சிக்கு 3,000 அடித்தால் 50 நிகழ்ச்சியில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அடுத்த கேமராவுக்கான காசும் இந்த வேலைகளில் இருந்துதான் வரவேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னது உழைப்புக்கான கணக்கு. படம் எங்கே போகிறது என்பது தனிக் கணக்கு, போன தடவை உங்களுக்கு நஷ்டமானது அதில்தான். ஒரே படத்தைத் தங்கள் இணையதளத்தில் ஒரு வருஷம் வைப்பதும், பெரிய விளம்பரப் பலகையிலும் பொட்டலத்திலும் காலவரையின்றிப் போடுவதும் ஒன்றா? எந்த இடத்தில், எவ்வளவு காலம், அவர்களுக்கு மட்டுமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டு விலை சொல்லுங்கள். 1947இல் ராபர்ட் காப்பா, கார்த்தியே-பிரெசோன் என்ற புகைப்படக்காரர்களும் இன்னும் சிலரும் சேர்ந்து மேக்னம் என்ற புகைப்படக்காரர் கூட்டுறவைத் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணமே, படத்தின் உரிமை பத்திரிகையிடம் போகாமல் எடுத்தவரிடம் இருக்க வேண்டும் என்பதுதான்.

இதையெல்லாம் ஒப்பந்தமாக எழுத்தில் வாங்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பல நாடுகளில் எடுத்தவருக்குத்தான் உரிமை, ஆனால் சில நாடுகளில் ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே முதல் உரிமை போய்விடும். ரா ஃபைல் வழக்கமாகக் கொடுப்பதில்லை, கேட்டால் தனி விலை.

பதில் 3:
கொட்டேஷனில் எத்தனை படம், எத்தனை நாளில், எத்தனை தடவை திருத்தம் (இரண்டு போதும்) என்று எழுதிவிடுங்கள். பாதி அட்வான்ஸ் வந்த பிறகுதான் தேதி உறுதி. குறைக்கச் சொன்னால் விலையை மட்டும் குறைக்காதீர்கள், 3 கோணத்தை 2 ஆக்கிக் குறையுங்கள். விலையை மட்டும் இறக்கினால் முதலில் சொன்னது சும்மா சொன்னது என்று ஆகிவிடும், அடுத்த தடவை அதற்கும் கீழே கேட்பார்கள். பதில் 1இன் 75 நாள் கணக்கு பகுதிநேரத்தில் எடுப்பவருக்கு அப்படியே பொருந்தாது, உங்களுக்குச் சம்பளம் வருகிறது. ஆனால் அதைக் காரணம் காட்டி ரேட்டை இறக்காதீர்கள். இதையே நம்பி வாழ்கிறவர்களின் வேலையும் அந்த ரேட்டில்தான் அளக்கப்படும்.

கேள்வி கேட்டவர்:
ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் சொல்ல நினைத்த தொகை இரண்டு நாள் உழைப்புக்கே காணாது. மூன்று நாள் வேலை, இணையதளத்துக்கு மட்டும் ஒரு வருஷம், ரா ஃபைல் கிடையாது என்று எழுதி இப்போதுதான் அனுப்பினேன். விளம்பரப் பயன்பாட்டுக்குத் தனியாக ஒரு வரி போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.