காசு கட்டி நம்ம தெருவுலயே ஓடணுமா?

மக்களே ஒரு டவுட்டு. என் தங்கச்சி 599 ரூவா கட்டி 10 கிலோமீட்டர் விர்ச்சுவல் ரன்ல சேர்ந்திருக்கா, எங்க வேணா ஓடலாமாம், ஓடுன தூரத்த பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்போட ஸ்க்ரீன்ஷாட் அனுப்புனா மெடல் கூரியர்ல வந்துருமாம். சும்மா ஓடுறதுக்கு எதுக்குடி காசுன்னா, கட்டலன்னா அலாரத்த அமத்திட்டு தூங்கிருவேங்கிறா. (அதுவும் நியாயந்தான்.) 2020 அக்டோபர் 4 லண்டன் மாரத்தானே இப்படித்தான் நடந்துச்சு, பெரிய வீரர்கள் மட்டும் பார்க்குல சுத்த, மத்தவங்க அவங்கவங்க ஊர்ல 24 மணி நேரத்துக்குள்ள 42.2 கிலோமீட்டர முடிச்சாங்க. இப்ப என்னையும் சேரச் சொல்லி ஒரே நச்சரிப்பு. சேர்ந்தவங்க சொல்லுங்க, மெடலுக்காகவா ஓடுறீங்க, வேற என்ன கிக்கு இருக்கு? அப்புறம் நேத்து ட்ரையல் பாத்தப்ப ஃப்ளைஓவருக்கு அடியில போனதும் ஆப் மேப்புல நான் ஓடுன ஜிபிஎஸ் கோடு பக்கத்து வீட்டு மாடி மேல ஏறிருச்சு, இதுக்கு என்ன பண்றது?