அழுத்தத்தைக் கூட்டியும் வடிநீர் குறைகிறது: குழந்தைப் பால்மாவுக்கான நுண்வடிகட்டலில் உதவி தேவை

கேள்வி:
வணக்கம். பால் தொழில்நுட்பம் பயிலும் மாணவன் நான். பசும்பாலில் கேசீனும் (பால் திரியும்போது கட்டியாகும் புரதம்) வே புரதமும் (தெளிநீரில் தங்கும் புரதம்) ஏறத்தாழ 80:20 என்று இருப்பதைத் தாய்ப்பாலை ஒட்டி 40:60 ஆக்குவதற்காக, 72 பாகையில் 15 வினாடி சூடாக்கிய கொழுப்பு நீக்கிய பாலை, 50 பாகையில் 0.1 மைக்ரான் பீங்கான் சவ்வின் வழியாகச் செலுத்தி வே புரதத்தைப் பிரிக்கிறோம். முதல் அரைமணி நேரம் நன்றாக ஓடுகிறது. பிறகு வடிநீர், அதாவது சவ்வைக் கடந்து வரும் நீர், குறைகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் சில நிமிடங்கள் ஏறிவிட்டு முன்னைவிடக் கீழே இறங்குகிறது, அதில் புரதமும் குறைந்துவிடுகிறது. சவ்வு பழுதாகிவிட்டதா?

மறுமொழி 1:
சவ்வைக் குறை சொல்ல வேண்டாம். அழுத்தம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அழுத்தம் கூடும்போது கேசீன் துகள்கள் சவ்வின் மேல் படிந்து இறுகி, அந்தப் படிவே இன்னொரு வடிகட்டியாகிவிடுவதால், சவ்வுத் துளைக்குள் எளிதாக நுழையக்கூடிய வே புரதமும் தடைபட்டு நிற்கிறது. அழுத்தத்தைக் குறைத்து, சவ்வை ஒட்டி ஓடும் பாலின் வேகத்தைக் கூட்டுங்கள். ஓட்டம் நிலைபெறும் வரை வடிநீர் வால்வைத் திறக்காதீர்கள். இந்த ஒன்றில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வேகம் கூடினால் நுழைவாயிலில் அழுத்தம் மிகுந்தும் வெளிவாயிலில் குறைந்தும் இருக்கும் என்பதால், இரு பக்க அழுத்த வேறுபாடு சவ்வு நெடுகச் சீராக இருக்க, வடிநீர்ப் பக்கத்திலும் சுழற்சி இருந்தால் நல்லது. கழுவும்போது காரத்தோடு நிறுத்தாமல் நைட்ரிக் அமிலமும் விடுங்கள், கால்சியம் பாஸ்பேட் காரத்தில் கரையாது.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. நேற்று அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினோம். இரண்டு மணி நேரம் வரை வடிநீர் சீராக வந்தது. நுண்ணுயிர் பெருகும் அச்சம் இருப்பதால், பாலிமர் சவ்வுக்கு மாறி 8 பாகையில் ஓட்டலாமா?

மறுமொழி 2:
ஓட்டலாம், ஆனால் கணக்கு மாறும். குளிரில் பீட்டா கேசீனின் ஒரு பகுதி துகளைவிட்டுப் பிரிந்து வடிநீரோடு போய்விடும். தாய்ப்பாலின் முதன்மைக் கேசீனும் அதுவே என்பதால் அது கெடுதல் அன்று, விகிதம்தான் பிசகும். பால் புரதம் ஒரு பங்கும் தூய வே புரதம் ஒரு பங்கும் சேர்த்தால் 40:60 கிடைக்கும். அந்த இரண்டாம் பங்கில் பத்தில் ஒன்று கேசீனாக இருந்தால் 45:55 ஆகிவிடும். எனவே மொத்தப் புரதத்தை மட்டும் அளக்காமல், வடிநீரை 4.6 பிஎச்சுக்குக் கொண்டுவந்து கேசீனைத் திரித்து நீக்கியபின் மீதியை அளந்து பாருங்கள்.