‘ஸ்லோ பர்ன் ரொமான்ஸ்’: கலைச்சொல் வேண்டும்

ராமநாதபுரத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

வரலாற்று மர்ம நாவலுக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. துப்பு, பொய்த்துப்பு, சந்தேக வட்டம், துடியான நாயகி ஆகியவற்றுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ‘ஸ்லோ பர்ன் ரொமான்ஸ்’ மட்டும் நிற்கிறது.

முதலில் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த நாவல்களில் நாயகிதான் துப்புத் துலக்குவாள். உடன் ஒருவன் இருப்பான்: கச்சேரிக் குமாஸ்தா, துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), வைத்தியர், சில சமயம் அவளே சந்தேகப்படுகிற ஆள். இருவருக்கும் ஒத்துப்போகாது, ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவரால் வழக்கை முடிக்கவும் முடியாது. அவர்கள் மனசு எங்கே போகிறது என்பது வாசகருக்கு ஐந்தாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். அவர்கள் வாயிலிருந்து வர மூன்று நூல்கள் ஆகும். கொலை அந்தந்த நூலிலேயே முடிந்துவிடும், காதல் தொடர் முழுக்க ஓடும். வாசகர் அடுத்த நூலைத் தேடி வருவது பெரும்பாலும் இரண்டாவதற்காகத்தான்.

இதுவரை வந்தவை: மெல்லெரி காதல், தாமதக் காதல், கனல்காதல், அரும்புகாதல். ‘தாமதம்’ என்றால் ஏதோ குறை போலத் தொனிக்கிறது, அதை எடுத்துவிடலாம். ‘மெல்லெரி’ அடுப்பைச் சிறுதீயில் வைப்பதோடு நின்றுவிடுகிறது. மற்ற இரண்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

மண்டபத்திலிருந்து:

என் ஓட்டு அரும்புகாதலுக்கு. ‘காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலருமிந் நோய்’ என்று குறள் 1227 மூன்று நிலையையும் சொல்லிவிடுகிறது. அரும்பு, போது, மலர். முதல் நூலில் அரும்பு, இரண்டில் போது, மூன்றில் மலர் என்று பிரித்துப் பேசவும் வசதி. நம்மிடம் இவ்வளவு பழைய சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

கீழக்கரையிலிருந்து:

> அரும்பு, போது, மலர்

டீச்சர், சொல் அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குறள் ‘பொழுதுகண்டு இரங்கல்’ அதிகாரத்தில் வருவது. கூடிப் பிரிந்தவள் மாலை நேரத்தில் படும் பாடு அது. நாம் பேசுவது இன்னும் வாய்விட்டுச் சொல்லாதவர்களைப் பற்றி. குறளிலேயே தேடினால் 110ஆம் அதிகாரமான ‘குறிப்பறிதல்’ கிட்டே வரும். அங்கேதான் பார்வை மட்டும் பேசுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அரும்பு தானாக மலர்ந்துவிடும், அதை யாரும் பிடித்து வைப்பதில்லை. இந்த நாவல்களின் சுவையே பிடித்து வைப்பதில் இருக்கிறது. சூடு முதலிலிருந்தே இருக்க வேண்டும். அதை வெளியே விடாமல் ஏதோ ஒன்று மூடியிருக்க வேண்டும். மூடியும் கசிவது வாசகர் கண்ணில் பட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறு கதை.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கம்பெனி காலத்து முத்துக்குளிப்பு, மன்னார் வளைகுடா. சிப்பியை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். துளைகளின் எண்ணிக்கைதான் சல்லடையின் பெயர்: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. துளை குறைவென்றால் ஒவ்வொரு துளையும் பெரியது, ஆகவே 20இல் தங்குவதுதான் பெரிய முத்து. கதையில் மதிப்பீட்டாளர் செத்துக் கிடக்கிறார். 20இல் தங்க வேண்டிய முத்து 30இல் கிடக்கிறது. தரம் ஒரு படி இறங்கினால் விலை இறங்கும், வாங்கியவனுக்கு லாபம். மதிப்பீட்டாளரின் மகள் 20ஆம் சல்லடையைத் தூக்கிப் பிடித்து, அந்த ஒரே முத்தை ஒவ்வொரு துளை மேலும் வைத்துப் பார்க்கிறாள். துபாஷி ஒரு கையில் விளக்கும், சல்லடைக்குக் கீழே மறு கையுமாக நிற்கிறான். பதினெட்டுத் துளைகளில் நின்ற முத்து பத்தொன்பதாவதில் நழுவி அவன் உள்ளங்கையில் விழுகிறது. துளையின் விளிம்பில் அரம் பட்ட கீறல். அவள் எண்ணைச் சொல்கிறாள். அவன் எழுதிக்கொள்ள வேண்டும். கையில் முத்து இருப்பதால் எழுதவில்லை. அவள் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இவ்வளவுதான். துப்பும் கிடைத்துவிட்டது, மற்றதும் நடந்துவிட்டது. காதலுக்கென்று தனியாக ஒரு வரி கிடையாது. இந்த உத்திக்குத்தான் பெயர் வேண்டும். ‘அரும்பு’ என்றால் அந்தக் கை இறுக்கம் வரவில்லை.

சாயல்குடியிலிருந்து:

கீழக்கரைக் காக்கா, அதாவது அண்ணன், சொன்ன மூன்றும் (உள்ளே சூடு, மேலே மூடல், வெளியே கசிவு) ஒரே இடத்தில் இருக்கிறது: கரிமூட்டம். ஆகவே ‘மூட்டக்காதல்’ என்று முன்வைக்கிறேன்.

மூட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பொருத்தம் தெரியும். கருவை விறகை அளவாக வெட்டி நெருக்கி அடுக்கணும். இடைவெளி இருந்தால் உள்ளே காற்று தங்கும். மேலே வைக்கோல், இலைதழை, அதன்மேல் ஈரமண் பூச்சு. உச்சியில் தீ வைக்க ஒரு வாய், அடியில் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள். தீ பிடித்ததும் வாயை மூடிவிடணும். அதற்குப் பிறகு நாள்கணக்கில் காவல். முதலில் வெள்ளையாகக் கனத்த புகை வரும், அது விறகின் ஈரம். ஈரம் போனபின் புகை மெலிந்து நீலமாகும். அப்போது துளைகளையும் அடைத்து ஆறவிடணும். நடுவில் மண் வெடித்தால் உடனே ஈரமண் அப்பணும். தவறினால் காற்றுப் புகுந்து உள்ளே கொழுந்துவிட்டு எரியும், கரிக்குப் பதில் சாம்பல்தான் கிடைக்கும். ஆறுவதற்கு முன் பிரித்தாலும் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும்.

கலைச்சொல் ஒற்றையாக நின்றால் போதாது, அதிலிருந்து கிளைச்சொற்கள் பிறக்கணும். இதில் பிறக்கின்றன:

மூட்டம் போடுதல்: இருவரையும் ஒரே வேலையில் நெருக்கி அடுக்கி, பேச முடியாத காரணத்தை மேலே பூசுவது.
புகை: வாசகருக்கு மட்டும் தெரியும் கசிவு.
பூச்சு: அவர்களைத் தடுக்கும் காரணம்.
காற்றுவிடல்: ஆசிரியர் அவசரப்பட்டு முன்கூட்டியே திறந்துவிடுவது.
பிரித்தல்: மனம் திறக்கும் காட்சி.

மண்டபத்திலிருந்து:

தம்பி, கிளைச்சொற்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் இரண்டு தடை. ‘மூட்டம்’ என்றதும் மேகமூட்டமும் மனமூட்டமும்தான் நினைவுக்கு வரும், சோகக் கதை என்று எண்ணிவிடுவார்கள். அடுத்தது, கடைசியில் கிடைப்பது கரி. கரிந்துபோன காதலா?

சாயல்குடியிலிருந்து:

டீச்சர், இரண்டாவதற்கு முதலில் பதில். கரி அணைந்துபோன பொருள் இல்லை. ஈரமும் புகையும் போய்விட்ட எரிபொருள் அது, எடைக்கு எடை பார்த்தால் விறகைவிடச் சூடு அதிகம். கண்ணைக் கரிக்காமல் எரியும். மூன்று நூல் கழித்து ஒன்று சேர்கிறவர்களுக்கு அது பொருந்தத்தான் செய்யும்.

முதல் தடையை நான் நன்மையாகப் பார்க்கிறேன். இது மர்ம நாவல். மூடியிருப்பது காதல் மட்டும் இல்லை, கொலையும்தான்.

தொண்டியிலிருந்து:

மூட்டக்காதலை ஆதரிக்கிறேன். ‘புகை’ என்பதை இன்னும் கூர்மையாக வரையறுக்கணும். தமிழில் எழுதுகிறவருக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: விளிச்சொல்லும் வினைமுற்றும். நம் பக்கத்துப் பேச்சில் ‘வந்தாக, சொன்னாக’ என்று மரியாதையில் தொடங்குகிறவள், கோபத்தில் ஒரே ஒருமுறை ‘நீ சொல்லு’ என்றுவிட்டால் அது ஒரு அத்தியாயத்துக்குப் போதும். அடுத்த காட்சியில் மறுபடி ‘சொல்லுங்க’ என்று திரும்பணும், அங்கேதான் பூச்சு வேலை. மூன்றாம் நூலில் ‘நீ’ நிலைத்துவிடலாம். ‘மச்சான்’ என்ற சொல் வாய் தவறி வந்தால் பிரித்தல் முடிந்த மாதிரி, திரும்ப எடுக்க முடியாது. முத்தக் காட்சியை ஒத்திப்போடுவது மட்டும்தான் மூட்டம் என்று நினைத்து எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. முதல் பக்கத்திலேயே இருவரும் ‘நீ, நான்’ என்று பேசினால் கசிய ஒன்றும் மிச்சம் இருக்காது.

கெட்டுப்போகும் இடங்களையும் பட்டியலில் சேர்க்கலாம். மிக மோசமானது பலவீனமான பூச்சு. ஒரே வாக்கியத்தில் தீர்ந்துவிடும் தப்பர்த்தத்தை வைத்து இருநூறு பக்கம் ஓட்டுவது. வாசகர் பத்தாம் பக்கத்தில் ‘கேட்டுத் தொலையேன்’ என்பார். பூச்சு வழக்கிலிருந்தே வரணும்: அவன் தமையன் சந்தேக வட்டத்தில் இருக்கிறான், அவள் சாட்சி சொன்னால் அவன் வேலை போகும், இப்படி. இன்னொன்று, நாயகியின் புத்தியைக் கடைசியில் பிடுங்கிக்கொள்வது. இருபது அத்தியாயம் துப்புத் துலக்கியவள், நாயகன் வந்து காப்பாற்ற வேண்டும் என்பதற்காகத் தனியாக இருட்டுக் கொட்டகைக்குள் போவாள். துடியும் போச்சு, மூட்டமும் போச்சு. ‘உன் நன்மைக்காகத்தான் சொல்லவில்லை’ என்று அவன் துப்பை மறைப்பதும் இதே வகைதான். அதை மன்னிக்கிற நாயகியை நான் நம்புவதில்லை.

தம்பி சொன்ன ‘ஆறுவதற்கு முன் பிரித்தல்’ தனிச்சொல்லாகவே வரணும். கொலைகாரன் கத்தியோடு நிற்கையில் மனம் திறப்பது அதுதான். உயிர்ப் பயத்தில் சொன்னதை வாசகர் முழுதாக நம்புவதில்லை. வழக்கு முடிந்து, ஓர் அத்தியாயம் கணக்கு வழக்கெல்லாம் தீர்ந்து, அதற்குப் பிறகு சொன்னால் நிற்கும்.

மண்டபத்திலிருந்து:

> கரி அணைந்துபோன பொருள் இல்லை

சரி தம்பி, மூட்டக்காதலை ஏற்றுக்கொள்கிறேன். அரும்புகாதலைப் பள்ளி வயதுக் காதல் கதைகளுக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே அது பொருந்தும்.

பூச்சு பற்றி ஒரு சேர்க்கை. காரணம் கதையின் காலத்திலும் இடத்திலும் இருந்தே கிடைக்கும், வெளியே தேட வேண்டாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், படகுகள் வடகடலுக்குப் போகும். வாடை காலத்தில் வடகடல் கெடும், தெற்கே திரும்பும். படகுக்காரன் நாயகன் என்றால் ஆண்டுக்கு இருமுறை இயல்பாகவே பிரிவு. மண்டபம் முகாமில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நோய்ச் சோதனைக்காகத் தங்கவைத்தார்கள். அங்கே ஒரு சாவு என்றால் யாரும் வெளியேற முடியாது, எல்லார் கண்ணும் எல்லார் மேலும் இருக்கும். நெருக்கி அடுக்குவதும் மூடுவதும் ஒரே இடத்தில்.

காலம் தவறினால் பூச்சு வெடித்துவிடும். பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914இல். 1910இல் நாயகன் ரயிலில் ராமேஸ்வரம் தீவுக்குள் வந்து இறங்கினால், தோணிக்காகக் கரையில் காத்திருந்து பேசியிருக்க வேண்டிய நேரத்தை ஆசிரியர் தானே தொலைத்துவிட்டார். கைரேகையும் அப்படித்தான். கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது 1897இல். அதற்கு முந்தைய கதைக்கு ஓலை போதும். எழுத்தாணியால் கீறிய ஓலையில் மையோ கரியோ தடவினால்தான் எழுத்துப் பளிச்சென்று தெரியும். மை தடவாத புது ஓலையை விளக்கில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடியும், அதற்கு இரண்டு தலைகள் ஒரே வெளிச்சத்துக்கு வரவேண்டும். காக்கா சொன்ன சல்லடைக் காட்சிக்கு இது தங்கை.

நாயகி வெளியே நடமாட முடியுமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். மருத்துவச்சி எந்த வீட்டுக்கும் எந்த ராத்திரியும் போகலாம். அரண்மனையை எடுத்தால், வேலு நாச்சியார் ராமநாதபுரத்துச் சேதுபதியின் மகள், 1780இல் சிவகங்கையை மீட்டவர். 1803இல் ராமநாதபுரம் ஜமீனை நிர்வகித்தவர் மங்களேஸ்வரி நாச்சியார். துடியான நாயகிக்கு நம் கரையில் முன்மாதிரி இருக்கிறது, இரவல் வாங்க வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து:

மூட்டக்காதலுக்கு என் ஒப்புதல். ‘மூட்டுக்காதல்’ என்று எழுதிவிடாதீர்கள், முழங்கால் மூட்டு நினைவுக்கு வரும். மூட்டம் + காதல், மகரம் கெட்டு வல்லொற்று மிகும்: மூட்டக்காதல்.

வாரப் பத்திரிகைத் தொடருக்கு ஒரு குறிப்பும் சேருங்கள். வாரக் கடைசியில் கொக்கி போட வேண்டியது துப்பில்தான். காதலில் வாரம் ஒரு கொக்கி போட்டால் எட்டு வாரத்தில் காற்றுப் புகுந்துவிடும்.

ராமநாதபுரத்திலிருந்து:

நன்றி. பட்டியலில் ஏற்றிய பதிவு இது. திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.

மூட்டக்காதல் (பெ.): தொடக்கத்திலேயே வாசகருக்குத் தெரியும்படி இருந்தும், கதைக்குள்ளிருந்தே எழும் வலுவான காரணத்தால் மூடப்பட்டு, நீண்ட காலம் குறிப்புகளால் மட்டும் வெளிப்படும் காதல், பெரும்பாலும் பல நூல்களில் தொடர்வது. தொடர்புடையவை: மூட்டம் போடுதல், பூச்சு, புகை, காற்றுவிடல், பிரித்தல். ஆறாமல் பிரித்தல்: ஆபத்தின் உச்சத்திலேயே மனம் திறக்கவைக்கும் பிழை. எ-டு: ‘முதல் இரண்டு நூல்களில் மூட்டம் நன்றாகப் போட்டிருக்கிறார், மூன்றாவதில் ஆறாமல் பிரித்துவிட்டார்.’

‘கனல்காதல்’ என்று தேடி வருகிறவர்களுக்காக அதையும் ‘காண்க: மூட்டக்காதல்’ என்று சேர்த்திருக்கிறேன்.