அகப்பையில் வரைந்த முகங்கள்

மனதில் தங்கிவிட்ட ஒரு சீன நாவலைச் சொல்லச் சொன்னால், நான் ஜியா பிங்வாவின் 'சின்ச்சியாங்' என்றுதான் சொல்வேன். 2005இல் வந்தது, 2008இல் சீனாவின் பெரிய நாவல் விருதான மாவோ துன் விருது பெற்றது. நான் படித்தது 2023இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு.

இரண்டு முறை தொடங்கிப் பாதியில் மூடி வைத்தேன். சிங்ஃபெங் தெரு என்ற கிராமம். கல்யாணம், வரி பாக்கி, அண்ணன் தம்பி சண்டை, சாப்பாடு என்று நாள்கள் நகர்கின்றனவே தவிர, கதை எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. கதை சொல்லும் யின்ஷெங்கை ஊரே பைத்தியம் என்கிறது. பாய் ஷுவே என்ற நாடகப் பாடகிமேல் அவனுக்குத் தீராத காதல். அவளோ நகரத்தில் பெயர் வாங்கிய எழுத்தாளன் சியா ஃபெங்கைக் கட்டிக்கொள்கிறாள்.

மூன்றாவது முறை எடுத்தபோது, நாவலுக்குப் பெயர் தந்த அந்தப் பாட்டை முதலில் கேட்டுவிடுவோம் என்று யூடியூபில் தேடினேன். சின்ச்சியாங் என்பது ஷான்ஷி மாகாணத்தின் பழைய இசைநாடகம். அதைப் 'பாடுவது' என்பதைவிட 'முழங்குவது' என்றே அங்கே சொல்வார்களாம். கேட்டதும் புரிந்தது. தொண்டை கிழிகிற மாதிரி ஒரு குரல், அதை இழுத்துக்கொண்டு ஓடும் பான்ஹூ என்ற இரண்டு தந்தி வாத்தியம், தாளத்துக்கு மரக்கட்டையின் 'டக் டக்'. பான்ஹூவின் குடம் பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டை என்று அறிந்தபோது ஏனோ அவ்வளவு சந்தோஷம்! நாவலின் நடுநடுவே எண்களாக அச்சிட்ட இசைக்குறிப்புகள் வரும். அதுவரை தாண்டிப் போயிருந்தேன். அன்றிலிருந்து அந்த இடங்களில் நின்று படித்தேன்.

அப்புறம்தான் தியன்ஜி எனக்கு நெருக்கமானார். சியா ஃபெங்கின் அப்பா, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மர அகப்பைகளின் முதுகில் நாடக வேட முகங்களை வரைவதுதான் அவருடைய உயிர். ஒலிபெருக்கியில் சின்ச்சியாங் போட்டு ஊருக்கே கேட்கவைப்பார். பெற்ற மகனுக்கோ அந்தப் பாட்டே பிடிக்காது. இளவட்டங்கள் சினிமாப் பாட்டு மாதிரியான புதுப் பாடல்களுக்குப் போய்விட்டார்கள். நாடகக் குழு சிதறுகிறது. மேடையில் நின்ற பாய் ஷுவே கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் பாடப் போகிறாள். இதையெல்லாம் ஆசிரியர் அழுத்திச் சொல்வதே இல்லை. சோற்றுக்கும் சண்டைக்கும் நடுவில் ஒரு வரியாக வந்து போகிறது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

தியன்ஜியையும் சேர்த்து, சியா குடும்பத்து அண்ணன் தம்பி நால்வரின் பெயரிலும் கன்பூசிய நற்குணங்கள் ஒவ்வொன்று இருக்கின்றன: கருணை, நீதி, ஒழுக்கம், அறிவு. ஐந்தாவதான நம்பகத்தை மட்டும் காணோம். இரண்டாமவர் தியன்யி பழைய ஊர்த்தலைவர், மண்ணே கதி என்று இருப்பவர். புதிய தலைவர் சந்தை கட்ட நினைக்க, இவர் 'ஏழு லி' (லி என்பது சீனத் தூர அளவு) என்ற பள்ளத்தாக்கைத் திருத்தி வயலாக்கக் கிளம்புகிறார், பைத்தியக்காரன் யின்ஷெங்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு. (ஆள்கள் நிறைய. பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் சமாளித்தேன்.)

தியன்ஜியின் சாவுப் பகுதியை இரவு ஒரு மணிக்குப் படித்தேன். முகத்தை மூடிய வெள்ளைத்தாள் நிற்காமல் நழுவுகிறது. பாய் ஷுவேதான் அவர் மனசு அறிந்து, அவர் வரைந்த அகப்பை ஒன்றை முகத்தில் கவிழ்க்கச் சொல்கிறாள். அது நிற்கிறது. சரி, தூக்க வேண்டுமே? சவப்பெட்டியைச் சுமக்கத் தெம்புள்ள ஆண்கள் தெருவில் போதவில்லை. எல்லோரும் பிழைப்புக்கு வெளியூர் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்துக்குமேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை.

சிங்ஃபெங் தெருவுக்கு மூலம் ஜியாவின் சொந்த ஊரான திஹுவா. அந்த ஊருக்கு ஒரு நினைவுக்கல்லாக இதை எழுதியதாகப் பின்னுரையில் சொல்கிறார். நாவலுக்குள்ளும் ஒரு கல் வருகிறது. மண்சரிவு தியன்யியை மூடிவிட, அந்த இடத்தில் எழுத்தே இல்லாத வெள்ளைக் கல்லை நடுகிறார்கள். அதில் என்ன எழுதுவது என்று சியா ஃபெங் வந்து சொல்ல வேண்டும். அவன் எப்போது வருவான் என்று யின்ஷெங் காத்திருக்கிறான்.